ஒன்பதாம் தலத்துக்குப் பிறகு

புதுக்கடையில், நீதிமன்ற மதிலுக்கு எதிரே,
நொத்தாரிசு கதிரேசபிள்ளையின் கந்தோரில்
மரண சாசனங்கள் தட்டச்சு செய்வது என் வேலை.
காணி, கழுத்துச் சங்கிலி,
சண்டை பிடித்த தம்பிக்கு ஒரேயொரு ரூபாய்:
போகிறவர்களின் கணக்கு எனக்குப் பழக்கம்.

எமரென்சியா மச்சாடோ வந்த அன்று மழை.
துறைமுகச் சம்பளப் பிரிவில் முப்பத்தாறு வருடம்.
கல்யாணம் இல்லை, கடனும் இல்லை.
குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டுக்
கதிரையின் நுனியில் இருந்தார்,
எந்த நேரமும் எழும்ப ஆயத்தமாக.

வளையல் நாலும் வத்தளையில் தங்கை மகளுக்கு.
தையல் மெஷின் மேல்வீட்டு ஃபரீனாவுக்கு.
வங்கியில் கிடக்கும் நிலையான வைப்பு, வட்டியோடு,
கொட்டாஞ்சேனையில் தன் பங்குக்கு.

"பங்கு ஒரு ஆள் இல்லையே மிஸ்.
பேராயர் பேரிலை எழுதி, பயன் பங்குக்கு எண்டு போடுவம்"
என்றார் ஐயா. "என்ன தேவைக்கு?
பீடமா, மணியா, புதுச் சுரூபமா?"

"கக்கூஸ்" என்றார்.

என் விரல் விசையின் மேலேயே நின்றது.
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிலுவைப்பாதை பதினாலு தலம், தம்பி.
ஒன்பதாவதுல ஆண்டவர் மூணாம் தரம் விழுவார்.
அவர் விழ, நான் எழும்பி ஓடுவேன்.
வீட்டுக்குப் போய்த் திரும்பி வர
அடக்கமே முடிச்சிருப்பாங்க.
ஏழு வருஷமா அவர் சாகும்போது நான் பக்கத்துல இல்ல.
ரொசாலின் வர்றதையே விட்டுட்டா.
மத்தக் கிழடுங்க விடியக்காலையில இருந்து
தண்ணி குடிக்காம, நாக்கு ஒட்டிப்போய் வந்து குந்தும்.
சுவாமி அதை ஒருசந்தின்னு நினைச்சுக்கிறார்."

எழுதினோம்.
சுவரில் கைபிடி. படி இல்லாத வாசல்.
உள்ளே தாழ், மேலே விளக்கு.
மிஞ்சும் காசின் வட்டியில் தண்ணீர்க் கட்டணம்,
சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம்.
"கட்டுறதுக்கு ஆள் கிடைக்கும் தம்பி,
கழுவுறதுக்கு யார் குடுப்பாங்க?"
பெயர்ப் பலகை வைப்பதா என்று ஐயா கேட்டார்.
"கக்கூஸ் கதவுல என் பேரா!"
அந்தக் கந்தோர் சிரித்து
நான் கேட்டது அன்றுதான்.

வாசித்துக் காட்டும்போது கண்டேன்,
இரண்டு என்று சொன்ன இடத்தில்
மூன்று என்று அடித்திருக்கிறேன்.
விழுந்த கணக்கு காதிலேயே கிடந்திருக்கும்.
வெட்டித் திருத்தினால் ஓரத்தில்
எல்லாரும் திரும்பக் கையொப்பம் வைக்க வேண்டும்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.
"இருக்கட்டும் பிள்ளை, காசு காணும்.
இங்க எங்க இருக்கு, உங்களோட...?"
மாடி இறங்கி, முற்றம் கடந்து, மதிலோரம் என்றேன்.
சொல்லும்போது எனக்குத்தான் கூச்சம்.

சாட்சி ஒன்று நான், அம்மன் கோயில்காரி.
சாட்சி இரண்டு, கீழ்க்கடையில் போட்டோகொப்பி எடுக்கும் நிஸாம்.

அடுத்த மார்கழியில் அவர் போனார்.
பெனடிக்ற் சுவாமி பங்குச் சபையில் இருவரோடு வந்தார்.
திருவிழா வருகிறது, மணிக்கூண்டு இருட்டாகக் கிடக்கிறது,
முதலில் அதைச் செய்துகொண்டால்...
ஐயா சாசனத்தைத் திருப்பி வைத்தார்,
ஒரு வரியின் கீழ் விரலை வைத்தார்:
வேறெதற்கும் அல்ல.
சுவாமி இரண்டு தரம் வாசித்தார்.
"மூன்றா?" என்றார்.
"மூன்று" என்றேன்,
ஐயா வாய் திறக்குமுன்.

இந்தப் பெரிய வெள்ளி கந்தோர் பூட்டு.
செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல்
கோயில் பக்கவாசலில் நின்றேன்.
ஒன்பதாம் தலம்.
முழங்கால்கள் மடங்கின.
மூன்று பேர் மட்டும் எழும்பினார்கள்,
ஊன்றுகோலோடு, சுவரைப் பிடித்து, ஓடாமல்.
மதிலோரம் தாழ் விழுந்தது. இன்னொன்று.
கொஞ்சம் பொறுத்து மூன்றாவது.
பிறகு தண்ணீர்.

பத்தாம் தலத்தின் பக்கத்தைச் சுவாமி
புத்தகத்தில் தேடிக்கொண்டே நின்றார்,
அவர்கள் வந்து இருக்கும் வரை.